ஸ்டேடியத்துக்கு முதல்முறை போகிறீர்களா? உட்காரும் முன் இரண்டாவது வாசலைப் பார்த்து வையுங்கள்

1985 மே 11. இங்கிலாந்தில் உள்ள பிராட்ஃபோர்டு நகரத்தின் வேலி பரேட் மைதானம். பிராட்ஃபோர்டு சிட்டி கால்பந்து அணிக்கு அன்று திருவிழா மாதிரி. லீக்கின் மூன்றாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து, அந்த ஆட்டத்துக்கு முன்னால்தான் கோப்பையைக் கையில் வாங்கியிருந்தார்கள். 11,000 பேர் கூடியிருந்தார்கள். இடைவேளைக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, மரத்தால் ஆன பெரிய கேலரியின் ஒரு ஓரத்தில் பலகைகளுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. ஐந்து நிமிடத்துக்குள் கேலரி முழுவதும் தீ. 56 பேர் இறந்துபோனார்கள்.

அவர்களில் பலருடைய உடல்கள் கேலரியின் பின்புறம், உள்ளே வந்த வாசல்களுக்குப் பக்கத்தில் கிடைத்தன. ஆபத்து என்றதும் வந்த வழியாகவே திரும்பிப் போகத்தான் மனிதனுக்குத் தோன்றும். அந்தக் கதவுகளில் பல பூட்டியிருந்தன. எதிர்ப்பக்கம், மைதானத்தை நோக்கி ஓடிச் சுவரைத் தாண்டிப் புல்தரையில் குதித்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். முன்னால் கம்பி வேலி இல்லாததுதான் அன்று பல உயிர்களைக் காப்பாற்றியது.

இந்தக் கட்டுரையில் நிறைய சொல்லப்போகிறேன். ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: நீங்கள் உள்ளே வந்த வாசல் பூட்டியிருந்தால் வேறு எந்த வழியாகப் போவீர்கள் என்பது, ஆட்டம் தொடங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போதே

டிக்கெட் தளங்களில் இருக்கைப் படம் காட்டுவார்கள். எல்லாரும் கோல் கம்பம் நன்றாகத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கேட் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் கூட வருகிறார்கள் என்றால் நடுவரிசையின் நட்டநடுவில் எடுக்க வேண்டாம். படிக்கட்டை ஒட்டிய ஓர இருக்கை நல்லது. மிக உயரமான அடுக்கு வேண்டாம். இறங்க வேண்டிய படிகள் கூடும்.

எதிரணி ரசிகர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதிக்குப் பக்கத்து பிளாக்கில் இடம் கிடைத்தால், முதல் தடவைக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே ஊர் அணிகள் மோதும் ஆட்டம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். சூடான ஆட்டம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். மைதானம் பழகிய பிறகு போகலாம்.

கிளம்பும்போது

செருப்பு வேண்டாம். காலோடு ஒட்டி நிற்கும் ஷூ போடுங்கள். நெரிசலில் செருப்பு கழன்றால் கை தானாகக் கீழே போகும், உடம்பு குனியும். குனிகிறவர்தான் விழுகிறார். பை சின்னதாக இருக்கட்டும். பெரிய கைக்குட்டை ஒன்று, முழுக்க சார்ஜ் ஏற்றிய போன், இவை போதும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் ஸ்கார்ஃப் வேண்டுமென்றால் கையில் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தையின் கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். கூட்டம் அதிகமானால் சிக்னல் கிடைக்காமல் போகும். அதனால் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்து வாசல் வேண்டாம், கொஞ்சம் தள்ளி ஒரு இடமாக இருக்கட்டும்.

கேட்டுக்கு வெளியே

ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வசதிக்காகச் சொல்லவில்லை. கடைசி பதினைந்து நிமிடத்தில் வாசலில் சேரும் கூட்டம்தான் ஆபத்தான கூட்டம்.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கும் அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர் நின்று பார்க்கும் பகுதிக்குள் போக, ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் கம்பிக் கதவுகள் ஏழே ஏழு. வெளியே நெரிசல் தாங்க முடியாமல் போக, 2.52க்கு ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்க வழி. நின்று பார்க்கும் பகுதியைக் கம்பி வேலி போட்டுக் கூண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். சுரங்க வழி போய் முடிந்த நடுக் கூண்டுகள் இரண்டும் ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. இரண்டு பக்கத்துக் கூண்டுகளிலும் இடம் இருந்தது. அங்கே போங்கள் என்று சொல்ல யாரும் இல்லை. முன்னால் கம்பி வேலி. 97 உயிர்கள் போயின. ரசிகர்கள்தான் காரணம் என்று பல வருடம் பழி சொன்னார்கள். ரசிகர்கள் மேல் தவறு இல்லை என்று 2016இல் விசாரணை ஜூரி தீர்ப்பு சொன்னது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கூட்டம் மிருகம் இல்லை. வழியைச் சரியாகக் காட்டாதபோதுதான் கூட்டம் தன்னைத்தானே நசுக்குகிறது.

வரிசையில் நிற்கும்போது உங்கள் மார்பு முன்னால் நிற்பவர் முதுகில் அழுந்தத் தொடங்கிவிட்டால், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் உள்ளே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்துவிடுங்கள். முதல் பத்து நிமிட ஆட்டம் போனால் போகட்டும். உள்ளே நுழைந்த பிறகும், எல்லாரும் போகும் முதல் திறப்பிலேயே புகுந்துவிடாமல் தலையைத் தூக்கி இடமும் வலமும் பாருங்கள்.

உட்காரும் முன் ஐந்து நிமிடம்

இதுதான் கட்டுரையின் உயிர். அண்ணன் மகளை முதல்முறை ஆட்டத்துக்கு அழைத்துப் போனபோது நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

இருக்கையைக் கண்டுபிடித்தோம். உட்காரவில்லை. வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தோம். அதுதான் முதல் வாசல். அடுத்து, பச்சை நிற எக்ஸிட் போர்டு வேறு எங்கே எரிகிறது என்று தேடினோம். இடது பக்கம் ஒன்று தெரிந்தது. அங்கே நடந்தே போனோம். போகும்போது அவளை வரிசைகளை எண்ணச் சொன்னேன். எங்கள் வரிசையிலிருந்து கீழே 14 வரிசை, அப்புறம் இடது பக்கம் திறப்பு. புகை சூழ்ந்தால் போர்டு கண்ணுக்குத் தெரியாது. இருக்கைகளின் முதுகைத் தடவிக்கொண்டே 14 எண்ணினால் வாசல் வந்துவிடும். விளையாட்டாக எண்ணுவது குழந்தைக்கு மறக்காது, பயமும் வராது.

திறப்புக்குள் படி இறங்கினோம். கடைசியில் ஒரு இரும்புக் கதவு. குறுக்கே இடுப்பு உயரத்தில் கம்பி வைத்த கதவாக இருந்தால், அந்தக் கம்பியை உடம்பால் அழுத்தினாலே வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். கூட்டம் முதுகில் நெருக்கும்போது கைப்பிடியைத் திருகவோ, கதவை உள்பக்கமாக இழுக்கவோ முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. எங்கள் கதவிலும் அந்தக் கம்பி இருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு பூட்டு.

பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டேன். "டிக்கெட் இல்லாதவங்க உள்ள பூந்துடுறாங்க சார்" என்றான். சாவி யாரிடம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அவனுடைய மேலாளரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். சாவி வரவே இருபது நிமிடம் ஆனது. பிராட்ஃபோர்டில் மொத்தக் கேலரியும் எரிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நீங்களும் இதையே பாருங்கள். கதவில் பூட்டு உண்டா? கதவுக்கு முன்னால் நாற்காலி, தண்ணீர் கேன், விளம்பரப் பலகை ஏதாவது அடுக்கியிருக்கிறார்களா? பக்கத்தில் ஆள் நிற்கிறாரா, அவருக்குத் திறக்கத் தெரியுமா? கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவில் வேலி இருந்தால் அதில் சின்னக் கேட் இருக்கிறதா? சரியில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். கேட் எண் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கால் வைக்கும் இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள், முக்கியமாகப் பலகை அடித்த கேலரியில். பிராட்ஃபோர்டில் பலகை இடுக்குகள் வழியாகப் பல வருடக் குப்பை கீழே விழுந்து தேங்கியிருந்தது. தீக்குப் பிறகு அங்கே கிடைத்தவற்றில் 1968ஆம் வருடச் செய்தித்தாள் ஒன்றும் இருந்தது. 17 வருடம் யாரும் கூட்டவில்லை! அதில் விழுந்தது ஒரு சிகரெட் துண்டோ தீக்குச்சியோதான். கேலரிக்கு அடியில் காகிதமும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடப்பதைக் கண்டால் அதன் மேல் உட்காராதீர்கள்.

தீ என்றால்

முதல் எதிரி நெருப்பு இல்லை, வேடிக்கை பார்ப்பது. சின்னத் தீ, அணைத்துவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தோன்றும். பிராட்ஃபோர்டிலும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் பலருக்கு அப்படித்தான் தோன்றியது. யாரோ விஷமத்துக்கு எடுத்து அடித்துவிடுவார்கள் என்று பயந்து தீயணைப்பான்களை வேறு அங்கிருந்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். புகை மணம் வந்ததும் எழுந்து நகருங்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பை, சாப்பாடு, வாங்கிய ஜெர்சி எல்லாம் கிடக்கட்டும்.

தீக்கு எதிர்த்திசையில், வானம் தெரிகிற பக்கமாகப் போங்கள். கூரைக்கு அடியில் புகை முதலில் மேலே சேர்ந்து பின்பக்கமாகப் பரவும். அதனால் மேல் வரிசையின் பின்னால் இருக்கும் நடைவழி சீக்கிரமே ஆபத்தாகிவிடும். முன்பக்கம் புல்தரைக்கு வழி இருந்தால் தயங்காமல் இறங்குங்கள். மற்ற நேரத்தில் மைதானத்துக்குள் இறங்குவது குற்றம். தீ என்றால் அதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான இடம். கழிப்பறைக்குள் போய் ஒளியவே கூடாது. புகை அடர்ந்தால் குனிந்து, துணியால் மூக்கை மூடிக்கொண்டு நகருங்கள்.

ரசிகர்கள் கொளுத்தும் ஃபிளேர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்க்க மத்தாப்பு மாதிரி இருக்கும். சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல். அதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதன் மருந்திலேயே இருப்பதால், தண்ணீர் ஊற்றினாலும் மிதித்தாலும் லேசில் அணையாது. செயற்கை நூல் ஜெர்சியில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காலடியில் விழுந்தால் எடுத்து வீசப் பார்க்காதீர்கள். சுற்றி இருப்பவர்களோடு விலகுங்கள், மணல் வாளியோடு பணியாளர் வரட்டும்.

சண்டை, கண்ணீர்ப்புகை

கேலரியில் கைகலப்பு மூண்டால் போனைத் தூக்கிப் படம் எடுக்க வேண்டாம். எண்ணி வைத்திருக்கிறீர்களே அந்த இரண்டாவது வாசல், அதை நோக்கி மெதுவாக நகருங்கள். சுவரோரமாக ஒதுங்காதீர்கள். பிராட்ஃபோர்டு எரிந்த அதே நாளில் பர்மிங்காமில் ஆட்டத்தின்போது கலவரம் நடந்து, சுவர் இடிந்து 15 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அடுத்த 18ஆவது நாள், பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்தபோது பயந்து ஒதுங்கியவர்கள் ஒரு சுவரில் போய் நெரிந்தார்கள், சுவரும் சரிந்தது. 39 பேர் இறந்தார்கள்.

கண்ணீர்ப்புகைக்கு வருவோம். 1964 மே 24, பெரு நாட்டின் லிமா நகரம். போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை வீச, மக்கள் படிக்கட்டுச் சுரங்கங்களில் இறங்கி ஓடினார்கள். கீழே தெருவோரம் இரும்பு ஷட்டர்கள் மூடியிருந்தன. 300க்கும் மேற்பட்டவர்கள் அந்தப் படிக்கட்டுகளில் நெரிந்து இறந்தார்கள். 2001 மே மாதம் கானாவின் அக்ராவில் அதே கதை, 120க்கும் மேற்பட்டவர்கள். 2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங் நகரம், கஞ்சுருஹான் மைதானம்: 135 பேர், அதில் குழந்தைகளும் உண்டு. மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகையைக் கொண்டு வரவே கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி தெளிவாகச் சொல்கிறது. விதி இருந்தும் வீசினார்கள் என்பது இன்றுவரை எனக்கு ஆறாத கோபம்.

இந்த மூன்று இடத்திலும் ஆளை அதிகம் கொன்றது குறுகிய வழியில் ஏற்பட்ட நெரிசல். ஆகவே திறந்த கேலரியில் புகைக்குண்டு விழுந்தால், எல்லாரும் பாயும் படிக்கட்டில் நீங்களும் பாயாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, ஆள் குறைந்த இடத்துக்கு இருக்கை வரிசையோடு நகருங்கள். கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். எரியும், இருமும், உலகமே முடிந்தது போல இருக்கும். திறந்த வெளியில் சில நிமிடங்களில் கலையத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

நெரிசலில் மாட்டிக்கொண்டால்

உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் உடம்புகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, கையை முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை, நீங்கள் நகராமலேயே கூட்டம் உங்களை நகர்த்துகிறது. இந்த நிலை வந்தால் நெரிசல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள்.

அதனால் கைகளை மார்புக்கு முன்னால், குத்துச்சண்டை வீரர் மாதிரி மடக்கி வையுங்கள். உங்கள் மார்புக்கும் முன்னால் இருப்பவர் முதுகுக்கும் நடுவே அந்தச் சின்ன இடைவெளிதான் உங்கள் மூச்சு. ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நில்லுங்கள். கத்த வேண்டாம், மூச்சு வீணாகும். அலை தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல் கூடவே போங்கள். அலை ஓயும் நொடியில் குறுக்காக இரண்டடி ஓரத்துக்கு நகருங்கள். அடுத்த அலை, அடுத்த இரண்டடி. குழந்தையைத் தோளில் தூக்கினால் அதற்குக் காற்று கிடைக்கும், ஆனால் உங்கள் கை இரண்டும் போய்விடும், விழுந்தால் இருவருக்கும் ஆபத்து. நெரிசல் லேசாக இருக்கும்போதே தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவதுதான் வழி. பக்கத்தில் யாராவது விழுந்தால் உடனே தூக்குங்கள். விழுந்தது நீங்கள் என்றால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையைக் கையால் மூடிக்கொண்டு, கை கிடைத்ததும் எழுந்துவிடுங்கள்.

உள்ளூர் போட்டியில் தன்னார்வலராக நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு

பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு என்று ஒரு வழிகாட்டி நூல் உண்டு. அட்டை நிறத்தால் பச்சை வழிகாட்டி என்பார்கள். அதன் கணக்குப்படி ஒரு மீட்டர் அகல வழியில், சமதளம் என்றால் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டு என்றால் 66 பேர் போகலாம். ஆட்டம் முடிந்து ஒரு பகுதி காலியாக அதிகபட்சம் 8 நிமிடம். தீ ஆபத்து அதிகம் உள்ள கேலரி என்றால் இரண்டரை நிமிடத்தில் காலியாக வேண்டும். 1.2 மீட்டர் அகலப் படிக்கட்டு ஒன்று 8 நிமிடத்தில் சுமார் 630 பேரை இறக்கும். 2,000 பேர் உட்காரும் கேலரிக்கு அப்படி நான்கு வேண்டும். உங்கள் மைதானத்துக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். கணக்கு இடித்தால் விற்கும் டிக்கெட்டைக் குறையுங்கள். ஒவ்வொரு கேட்டிலும் ஆட்டம் முடியும்வரை நகராத ஓர் ஆள், பூட்டு இருந்தே தீர வேண்டும் என்றால் சாவி அந்த ஆளின் கையில்.

ஆட்டம் முடிந்ததும்

அவசரப்படாதீர்கள். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது, 13ஆம் எண் படிக்கட்டில் 66 பேர் நெரிந்து இறந்தார்கள். சண்டை இல்லை, தீ இல்லை. எல்லாரும் ஒரே திசையில் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அதே படிக்கட்டில் 1961இலும் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். கடைசி விசிலுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் உட்கார்ந்தே இருங்கள். படி பாதியாவது காலியானதும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இறங்குங்கள். போனோ தொப்பியோ விழுந்தால் படியில் நின்று தேட வேண்டாம்.

வீடு திரும்பியதும் ஒரு வேலை பாக்கி. பூட்டிய கதவு, அடைத்த வழி, எரியாத எக்ஸிட் விளக்கு எதையாவது பார்த்திருந்தால், கேட் எண், தேதி, நேரம், போட்டோவோடு மைதான நிர்வாகத்துக்கு எழுதி அனுப்புங்கள். பிராட்ஃபோர்டு கேலரியில் கவனமில்லாமல் போடும் ஒரு சிகரெட்டால் தீப்பிடிக்கலாம் என்று, தீ வருவதற்குக் கிட்டத்தட்ட பத்து மாதம் முன்பே, 1984 ஜூலையில் கவுண்டி கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்திலிருந்து கிளப்புக்குக் கடிதம் போயிருந்தது. கடிதம் போயும் தீ பிடித்தது. ஆகவே கடிதத்தோடு விடாதீர்கள். ஒரு நகலைத் தீயணைப்பு நிலையத்துக்கும் கொடுங்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது முதலில் அந்தக் கதவைப் போய்ப் பாருங்கள். சங்கிலி இன்னும் தொங்கினால் அன்றைக்கே, அங்கேயே, மறுபடியும் சொல்லுங்கள்.